நாசிகா ரத்னத்துக்கு ஒரு பரீட்சை

கோதண்டராமன்: ...அதனால மூக்குங்கறது லேசுப்பட்ட உறுப்பு இல்லைம்மா. அதைப் பழக்கணும். சரி, முதல் சீசாவைக் கொடு.

நீலாஞ்சனா: துண்டை இறுக்கிக் கட்டுங்க ஐயா. கீழால சந்து தெரியுது.

கோதண்டராமன்: சந்து வழியாப் பாக்கற ஆளா நான்? மெட்ராஸ் தைலக் கம்பெனிக்காரர் பதினோரு மணி பஸ்ஸுல வர்றாரு. செஞ்சி வட்டாரத்துக்கே ஒரே ஏஜென்சி, அதை எனக்குத் தரப் போறாரு. போன வாரம் அவரே என் வீடு தேடி வந்து பேசிட்டுப் போனாரு, தெரியுமில்ல?

நீலாஞ்சனா: தெரியும்.

கோதண்டராமன்: இன்னிக்கு வாசகசாலையில, ஊரு முன்னால, கண்ணைக் கட்டிக்கிட்டு நாலு தைலத்தை முகர்ந்தே சொல்லப் போறேன். இங்க வந்தது எனக்காக இல்லை. உன் சரக்கு ஒழுங்கா இருக்குதான்னு பாக்க.

நீலாஞ்சனா: எங்க நைனா காலத்துத் தைலக் கடை. நீங்க வந்து பாக்கறது எங்க பாக்கியம். இந்தாங்க.

கோதண்டராமன்: ம்ம்ம்... நீலகிரித் தைலம். சளி புடிச்சா வெந்நீர்ல நாலு சொட்டு விட்டு, போர்வையைப் போத்திக்கிட்டு ஆவி புடிக்கணும்.

நீலாஞ்சனா: ஆவி புடிக்கறது சரிதான்...

கோதண்டராமன்: பின்ன?

நீலாஞ்சனா: இது ஓமத் தைலம். வயிறு உப்புசமா இருந்தா நல்லெண்ணெயில கலந்து தொப்புளைச் சுத்தித் தடவறது.

கோதண்டராமன்: அதைத்தான் சொல்ல வந்தேன். நீலகிரியில வெளைஞ்ச ஓமம்.

நீலாஞ்சனா: அப்படியா... சரி, இது?

கோதண்டராமன்: இது கிராம்பு. சந்தேகமே இல்லை. பஞ்சுல ஒரு சொட்டு தொட்டு சொத்தைப் பல்லுல வச்சா...

நீலாஞ்சனா: அது நான் குடிக்க வச்சிருந்த தண்ணி.

கோதண்டராமன்: ...கிராம்பு போட்ட தண்ணியா?

நீலாஞ்சனா: கிணத்துத் தண்ணி.

கோதண்டராமன்: சீசாவை நீ சரியாக் கழுவலை.

நீலாஞ்சனா: சீசா இல்லைங்க, டம்ளர்.

கோதண்டராமன்: ...ராஜகிரி பக்கத்துக் காத்து அடிக்குது. மலைக்காத்து வந்தா எந்த மூக்கும் கொஞ்சம் தடுமாறும்.

நீலாஞ்சனா: அந்த மூக்குப்பொடி மட்டையைக் கீழ வச்சுட்டு ஒரு தரம் முகர்ந்து பாருங்களேன்.

கோதண்டராமன்: பொடி மூக்கைக் கூர்மையாக்கும்மா. ‘நாசிகா ரத்னம்’ பட்டம் கொடுத்தப்பவே மேடையில சொன்னாங்க.

நீலாஞ்சனா: அந்தப் பட்டம் யாரு கொடுத்தது ஐயா?

கோதண்டராமன்: வாசகசாலைச் சங்கம்.

நீலாஞ்சனா: சங்கத்துக்குத் தலைவரு...

கோதண்டராமன்: அது இப்ப இன்னாத்துக்கு? அடுத்தது.

நீலாஞ்சனா: இதை நானே சொல்லிடறேன். வாசனைப்புல் தைலம். ஒரு தட்டுத் தண்ணியில நாலு சொட்டு விட்டுக் கட்டிலுக்குக் கீழ வச்சா கொசு அண்டாது.

கோதண்டராமன்: கொசுவுக்கு இவ்வளவு மரியாதையா? டி.டி.டி. கொசு மருந்து அடிக்கறவங்க தெருவுல எல்லார் வீட்டுச் சுவத்துலயும் தேதி எழுதிட்டுப் போயிருக்காங்க. உங்க வீட்டுச் சுவரு மட்டும் வெள்ளையா நிக்குது.

நீலாஞ்சனா: நாங்க ஜைனருங்க, எதையும் கொல்றதில்லை. இந்தத் தைலம் கொசுவைக் கொல்லாது. ‘வேற வீடு பாத்துக்கோ’ன்னு சொல்லி அனுப்பும்.

கோதண்டராமன்: பக்கத்து வீடு எங்க வீடு.

நீலாஞ்சனா: தெரியும் ஐயா.

கோதண்டராமன்: சரி, அடுத்த சீசாவைக் கொடு.

நீலாஞ்சனா: ஆமா, உங்க சட்டையில இன்னா வாசனை?

கோதண்டராமன்: கண்டுபுடிச்சிட்டியா? சந்தனத் தைலம். பெரிய மனுஷங்களைப் பாக்கப் போறப்ப ரெண்டு சொட்டு போட்டுக்குவேன். மனசு நிதானப்படும்.

நீலாஞ்சனா: சந்தனம் இல்லைங்க. பெயிண்டுல கலக்கற டர்பன்டைன். வலது தோள்ல பச்சையா ‘ரத்’னு எழுத்து பதிஞ்சிருக்குது. கண்ணாடியில பாக்கற மாதிரி, திருப்பிப் போட்டு.

கோதண்டராமன்: ...பெயிண்டர் இளையபெருமாள் காலையிலதான் வாசகசாலையில ‘நாசிகா ரத்னம்’னு போர்டு எழுதி மாட்டுனான். கொஞ்சம் சாஞ்சு நின்னேன்.

நீலாஞ்சனா: நீங்க தெருமுனை திரும்பறப்பவே அந்த நெடி எனக்கு வந்துடுச்சு. உங்க மூக்குக்கும் அதுக்கும் ஒரு சாண்கூட இல்லை. எத்தனை வருஷமா ஐயா வாசனை தெரியலை?

கோதண்டராமன்: வாசல்ல யாராச்சும் நிக்கறாங்களா?

நீலாஞ்சனா: யாரும் இல்லை. துண்டை அவுத்துடுங்க.

கோதண்டராமன்: ஆறு வருஷம். பால் தீஞ்சாக்கூட என் வீட்டுக்காரி விருத்தாம்பா கத்தித்தான் எனக்குத் தெரியும். இது அவளுக்குத் தெரியும், இப்ப உனக்கு.

நீலாஞ்சனா: அப்புறம் இன்னாத்துக்கு இந்த ஏஜென்சி, பட்டத்தைப் போட்டு ஊரெல்லாம் ஒட்டின நோட்டீசு எல்லாம்?

கோதண்டராமன்: தாலுக்கா ஆபீசுல இருந்தப்ப நான் கடைத்தெருவுல நடந்தா, சைக்கிள்ல வர்றவன் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவான். ரிட்டயர் ஆனதும் அதே ஆளு மணியடிச்சு ஒதுங்கச் சொல்றான். ஒரு பேரு வேணுமே நீலாஞ்சனா... இன்னிக்கு ஊரு முன்னால தோத்தேன்னா, அவலூர்பேட்டைக்கு மக வீட்டோட போயிட வேண்டியதுதான்.

நீலாஞ்சனா: மூக்கு இல்லாட்டி போவுது. கையை நீட்டுங்க. இது பெப்பர்மிண்ட்.

கோதண்டராமன்: சில்லுங்குது.

நீலாஞ்சனா: இது விண்டர்கிரீன். மூட்டு வலிக்குத் தேய்க்கறது. கொஞ்சம் பொறுங்க.

கோதண்டராமன்: ...சுடுது.

நீலாஞ்சனா: கிராம்பை ஈறுல தொட்டா மரத்துப் போவும். நீலகிரி மூடியைத் திறந்து முகத்துக்கிட்ட கொண்டுபோனா கண்ணு கரிக்கும். முகர்ற மாதிரி முகர்ந்துட்டு, கையில தடவி, ஈறுல வச்சுப் பாத்துச் சொல்லுங்க.

கோதண்டராமன்: கேட்டா?

நீலாஞ்சனா: ‘இதெல்லாம் ஆராய்ச்சி முறை’ன்னு சொல்லுங்க. உங்களுக்குச் சொல்லித் தரணுமா?

கோதண்டராமன்: ...போன பொங்கலுக்கு மேடையில, ‘பொம்பளைங்க மூக்குக்குப் பெருங்காயத்துக்கு மேல ஒண்ணும் எட்டாது’ன்னு பேசினேன். நீ முன் வரிசையில உக்காந்திருந்தே.

நீலாஞ்சனா: ஆமா. கைகூடத் தட்டினேன்.

கோதண்டராமன்: அப்படியும் எனக்கு உதவறே. இவ்வளவு தெரிஞ்சவ, இந்த ஏஜென்சியை நீயே கேட்டிருக்கலாமே?

நீலாஞ்சனா: நான் கேக்கலை. அவருதான் கேட்டாரு.

கோதண்டராமன்: யாரு?

நீலாஞ்சனா: அதே கம்பெனிக்காரர்தான். போன வாரம் முதல்ல இங்கதான் வந்தாரு. நீலகிரித் தைலம்னு சீட்டு ஒட்டின சீசா ஒண்ணு கொடுத்தாரு. மூடியைத் திறந்து முகர்ந்தேன். உள்ள முக்கால்வாசி உங்க சட்டை.

கோதண்டராமன்: என் சட்டையா... டர்பன்டைனா?

நீலாஞ்சனா: ஆமா. ‘சளி புடிச்ச கொழந்தைங்களுக்கு இதுல ஆவி புடிப்பாங்க, நான் விக்க மாட்டேன்’னு திருப்பிக் கொடுத்துட்டேன்.

கோதண்டராமன்: இதை நீ அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாமில்ல?

நீலாஞ்சனா: ஒரு வாரமா வேலி ஓரத்துல நின்னு ‘ஐயா, ஐயா’ன்னேன். நீங்க பேச விட்டாத்தானே.

கோதண்டராமன்: அப்ப அந்தாளு என் வீடு தேடி வந்தது... என் மூக்கு சங்கதி தெரிஞ்சா? நீதான் சொன்னியா?

நீலாஞ்சனா: எனக்கே இன்னிக்குத்தானே ஐயா தெரியும். அவரு பஸ் ஸ்டாண்டு புளியமரத்துல ஒட்டியிருந்த உங்க நோட்டீசை முழுசாப் படிச்சுட்டு, சிரிச்சிக்கிட்டே கடைக்குத் திரும்பி வந்தாரு. ‘இத்தனை பட்டம் போட்டுக்கற மனுஷன் சீசா மூடியைத் திறந்தே பாக்க மாட்டாரும்மா, வீடு எங்க இருக்குது?’ன்னு கேட்டாரு.