சேவுகன் பார்த்த கஜகஸ்தான் படம்

இரக்கத்தைப் பத்திப் பேசச் சொன்னீங்க. சின்னதா ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லிட்டு மேல போறேன்.

எங்க சிவகங்கையில ஒரு திரைப்படச் சங்கம். போன மாசம் கஜகஸ்தான் படம் போட்டோம். ஆடு மேய்க்கிற குடும்பம்... பனி, புழுதி, கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மரம் கிடையாது. ஆட்டுப் படமாச்சேன்னு, பக்கத்து வயல்ல ஆட்டுக் கிடை போட்டிருந்த சேவுகனையும் கூப்பிட்டோம். ஏன் கூப்பிட்டோம்? சும்மா ஒரு பெருமைக்குத்தான். முன்வரிசை நாற்காலி வேற.

படத்துல ஒரு ஆடு குட்டி போடுது. போட்டுட்டு, குட்டியைச் சேர்க்க மாட்டேங்குது. பால் குடிக்க வந்தா எட்டி உதைக்குது. ஆட்டுக்காரப் பையன் முழிக்கிறான், அவன் பொண்டாட்டி அழுகுறா. நாங்க? நாங்களும் அழுகுறோம்... சத்தம் வராம, நாகரிகமா.

சேவுகன் எந்திரிச்சுட்டார். திரையைப் பார்த்து, "ஏப்பா, குட்டி முதுகுல உப்புத் தண்ணியத் தடவு. ஆத்தாக்காரி உப்புக்கு நக்குவா. நக்கிட்டான்னா விடமாட்டா."

பையன் கேக்கல. எப்படிக் கேப்பான்?

"தடவுப்பா... நேரம் போகுது."

சங்கத் தலைவர் ஓடி வந்தார். "அண்ணே, உக்காருங்க. இது படம்ணே."

"படம்னு தெரியுங்க. மனுசன் நடிப்பான். ஆடு நடிக்குமா?"

தலைவர்தான் திரும்பிப் போய் உக்காந்தார். குட்டி செத்துப் போச்சு. அதைப் புதைச்சுட்டு வந்து, புருசனும் பொண்டாட்டியும் டீ குடிக்கிறாங்க, ஏதோ நினைச்சுச் சிரிக்கிறாங்க. படம் முடிஞ்சுது.

லைட் போட்டாங்க. ஒருத்தர் 'வாழ்வின் வெறுமை'ன்னார். நான் மைக்கைப் பிடிச்சு 'மௌனத்தின் மொழி'ன்னு ஆரம்பிச்சேன்... மௌனத்தைப் பத்தி இருபது நிமிசம் விடாம பேசினேன். கடைசியா சேவுகன்கிட்ட, "நீங்க என்னண்ணே நினைக்கிறீங்க?"

"அந்தத் தம்பி அட்ரஸ் குடுங்க."

"எதுக்குண்ணே?"

"ஆடு அடுத்த ஈத்து ஈனும்போதாவது உப்பு விசயம் தெரியணும்ல. இந்தக் குட்டியைத்தான் விட்டுட்டோம்."

நாங்க நாப்பது பேர் அழுதோம். அழுதுட்டு வெளிய போய் போண்டா சாப்பிட்டோம். அந்த மனுசன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல... அட்ரஸ் கேட்டார். எனக்கு வெக்கமாப் போச்சுங்க.

பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில கிடந்தா நாம என்ன பண்றோம்? போன்ல கைகூப்புற பொம்மை அனுப்புறோம். அழுறதைக் குறை சொல்லல, நானும் அழுதவன்தான். ஆனா நம்ம கண்ணு நனைஞ்சதால யாருக்குப் பசி ஆறியிருக்கு? சொல்லுங்க. எந்த வார்டு, எந்தக் கட்டில்னு கேளுங்க. கேட்டுட்டு... கிளம்புங்க. அதுக்குப் பேருதான் இரக்கம்.