எட்டு மில்லிமீட்டர்

ஸ்கிரிப்ட் என்றால் சினிமாவுக்கு எழுதுவது இல்லை, சார். கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலையை வரிவரியாக எழுதிக்கொடுப்பது. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் அதைச் சரியாகக் குறித்துக்கொள்ளட்டும்.

கொடைக்கானலில் பழனிக்குமாரின் சிறிய கம்பெனியில் பதினோரு வருடமாகச் சர்க்யூட் வரைகிறேன். காட்டுப்பன்றிக்குப் போடும் மின்வேலியின் பெட்டிதான் எங்கள் தயாரிப்பு. அதற்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில், வீட்டுக் கரண்ட் வரும் கோட்டுக்கும் வேலிக்குப் போகும் கோட்டுக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். குறைந்தால் பனி ஈரத்தில் கரண்ட் தாவிவிடும். அப்புறம் வேலி தொட்டதைச் சுண்டித் தள்ளாது, பிடித்துக்கொள்ளும். எல்லா போர்டிலும் அந்த இடைவெளியை நானே திரையில் அளந்து பார்த்துவந்தேன்.

போன வருடம் ரோகிணி சேர்ந்தாள். வந்த மாதமே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். நான் அரைநாள் அளந்து பார்ப்பதை அது நான்கு நிமிடத்தில் பார்த்தது.

"ஞானவேல், இனிமே செக்கிங் சோலிய அந்தப் புள்ள பாத்துக்கட்டும். நீங்க வரையிறத மட்டும் பாருங்க" என்றார் பழனிக்குமார்.

சரிங்க என்றேன். எனக்குக் கோபமில்லை. அந்த ஸ்கிரிப்டை நம்பக்கூடாது என்று காட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த போர்டில் இடைவெளியை ஒரு மில்லிமீட்டராக வரைந்தேன். ரோகிணி சாப்பிடப் போயிருந்தபோது அவளுடைய ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன்: அந்த ஓர் இடத்தை மட்டும் அளக்காமல் தாண்டிப் போ. பிழை ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

முதல் பெட்டி மன்னவனூரில் திருமலைச்சாமியின் பூண்டுக் காட்டுக்குப் போனது. ஒன்பதாம் நாள் காலையில் களையெடுக்கப் போன அவர் மனைவி அன்னக்கொடியின் கை கம்பியில் பட்டது. கம்பி அவளை விடவில்லை.

"ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேண்ணே. சுத்தமாத்தான் இருந்துச்சு" என்று ரோகிணி அழுதாள்.

"யாருக்கும் நடக்கும்மா" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் அவளை அழைத்துப்போன மறுநாளே செக்கிங் வேலை என்னிடம் திரும்பிவந்தது. இரண்டு வாரம் நிம்மதியாக அளந்தேன். அதற்குள் அவள் ஸ்கிரிப்டைப் பழைய பிரதியோடு ஒப்பிட்டு, புதிய வரியையும் அது எந்த நேரத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து சேர்ந்தது என்பதையும் உங்களுக்குக் காட்டிவிட்டாள். கெட்டிக்காரப் பெண்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கியிருக்கிறது. அன்னக்கொடி இறப்பதற்கு முதல்நாள் திருமலைச்சாமி எனக்குப் போன் செய்தார்.

"சார், நாயி ஒண்ணு கம்பியிலேயே ஒட்டிச் செத்துக் கெடக்குங்க. நாளைக்கு வெள்ளனே வீட்டுல களையெடுக்கப் போவாக. ஆஃப் பண்ணிப் போடவா?"

"மழை ஈரந்தாங்க. ஓடட்டும், ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஒரு நாய் செத்ததற்காகப் பழனிக்குமார் அந்த ஸ்கிரிப்டைக் கைவிட்டிருக்க மாட்டார். ஆனாலும் திருமலைச்சாமியிடம் நான் பொய் சொல்லவில்லை, சார். அன்று மன்னவனூரில் நிஜமாகவே மழை.