எழுத்துத் தெரியுதா

— போனைக் குடுங்க நிமலன். அந்தத் தமிழ்ப் பள்ளித் தாரிணி டீச்சர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசாம இன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது.

— நான் கை கழுவிப்போட்டன், அஸ்வினி. இனிப் போனைத் தொட்டால் திரும்ப முதல்ல இருந்து கழுவோணும். அந்த ஜன்னலைச் சாத்தும். காத்தோட தூசி வந்தால் கிருமியும் வரும்.

— சாத்தியாச்சு. நீங்க மாஸ்க்கைப் போட்டு டியூபை மாட்டுங்க, நான் பேசுறேன். ஏழு வயசுப் பொண்ணை மேடையில ஏத்தி, இருநூறு பேர் முன்னாடி ரெண்டு நிமிஷம் சிலை மாதிரி நிக்க வச்சிருக்காங்க. மனுகாவ் ஹால்ல இருந்து வெஸ்ட்கேட் வீட்டுக்கு வர்ற வரைக்கும் பின்சீட்ல ஒரு வார்த்தை பேசலை அவ.

— மறந்திருப்பாள். சின்னப் பிள்ளையள் மேடையில மறக்கிறதுதானே.

— ராகவியா மறப்பா? மூணு வாரமா இதே ரூம்ல நடந்து நடந்து சொன்னா. எனக்கே மனப்பாடம். 'எங்க அப்பாவோட கிட்னி ரெண்டும் வேலையை விட்டுருச்சு. அதனால ஒரு நாளைக்கு நாலு தடவை அப்பா வயித்துக்குள்ள தண்ணி விடுவார். தேத்தண்ணிப் பையைச் சுடுதண்ணியில போட்டா சாயம் வெளிய வருதுல்ல, அது மாதிரி ரத்தத்துல இருக்கிற அழுக்கு, வயித்துக்குள்ள ஒரு மெல்லிய தோல் இருக்கு, அது வழியா அந்தத் தண்ணிக்கு வந்துரும். அப்புறம் தண்ணியை வெளிய எடுத்துருவார்.' நர்ஸ் அரைமணி நேரம் படம் போட்டுச் சொன்னாங்க, எனக்குப் புரியலை. இவ ஒரு டீ பையில முடிச்சுட்டா.

— தேத்தண்ணிப் பை நான் சொல்லிக் குடுத்தது.

— சரி, அது நீங்க. ஆனா 'தண்ணி வடியுற நேரத்துலதான் அப்பா எனக்குக் கதை சொல்லுவார், அதனால நாலு தடவை எனக்குப் பத்தாது'ன்னு முடிச்சாளே, அது அவ சேர்த்தது. அந்தப் பேச்சை வேண்டாம்னிருக்காங்க. மேடை ஏறுறப்போ இந்தப் பேப்பரைக் கையில திணிச்சு, இதை மட்டும் பார்த்து வாசின்னிருக்காங்க. அவ பைக்குள்ள கிடந்துச்சு. கேளுங்க. 'என் அப்பா பலசாலி. தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவார். சனிக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடுவார். கடலில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நீந்துவார்.' யாருங்க இது?

— வடியத் துவங்கிட்டுது. கொஞ்சம் மெதுவாக் கதையும், அவள் உள் அறைக்குள்ளதான் இருக்கிறாள், கேக்கும்.

— தந்தையர் தினப் பேச்சுன்னா ஓடுற அப்பாதான் வரணுமா? அவ இங்கிலீஷ் ஸ்கூல்ல உங்க தண்ணிப் பை காலியானது ஒண்ணைத் தூக்கிட்டுப் போய் இதையேதான் வகுப்புல சொன்னா. அந்தப் பசங்க என்ன கேட்டாங்க? 'உங்க அப்பா குதிச்சா உள்ள தண்ணிச் சத்தம் கேக்குமா?' அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து உங்களைக் குதிக்க வச்சா.

— குதிச்சனான். சத்தம் கேக்கேல்லை. அவளுக்குச் சரியான கவலை.

— பசங்களுக்குத் தெரியுறது நம்ம பெரியவங்களுக்குத் தெரியலை. நம்ம தமிழ் ஆளுங்க ஹாலுக்குள்ள நுழைஞ்சா மட்டும் நோய் ஒரு அசிங்கம். நான் விடப்போறதில்லை. கமிட்டிக்கும் எழுதுவேன்.

— தாரிணியைப் பிழை சொல்லாதையும். அவ எழுதேல்லை.

— பின்ன யாரு எழுதினாங்க?

— நான்.

— என்ன சொல்றீங்க?

— வியாழக்கிழமை நான்தான் எழுதி அனுப்பினனான். பிள்ளையின்ர பேச்சு நல்லாயிருக்கு, மாத்த மாட்டன் எண்டுதான் அவ சொன்னவ. நான்தான் கெஞ்சினனான். உம்மட்டச் சொன்னால் விட்டிருக்க மாட்டீர்.

— எதுக்கு நிமலன்?

— தங்கச்சி அபிதாவின்ர கலியாணப் பேச்சு. மாப்பிள்ளையின்ர பெரியப்பா இராசநாயகம் முன்வரிசையில இருந்தவர். பேச்சு முழுக்க வீடியோவா வாட்ஸ்அப்பில போகும். எங்கட சனத்துக்கு என்ர நோய் தெரியாது, நான் வீட்டில இருந்து வேலை செய்யிற ஆள் எண்டுதான் நினைப்பு. தமையனுக்குக் கிட்னி பழுதாம், தங்கச்சிக்கு எப்பிடியோ எண்டு ஒரு கதை வெளிக்கிட்டால் காணும், கலியாணம் நிண்டுபோம்.

— பரம்பரை நோய் இல்லைன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காரே.

— டாக்டரின்ர கடிதத்தை ஆர் வாசிக்கினம்?

— அபிதாவுக்குத் தெரியுமா?

— தெரிஞ்சால் இந்தக் கலியாணமே வேண்டாம் எண்டு நிப்பாள்.

— அப்ப அவளுக்காகவும் இல்லை. உண்மையைச் சொல்லுங்க.

— அது முழுப்பொய் இல்லை, அஸ்வினி. ராகவிக்கு நாலு வயசாகும் வரைக்கும் அது நான்தானே. ஓடினனான். பந்து போட்டனான். அவளைத் தோளில வச்சுக் கடலுக்குள்ள இறங்கினனான். அவளுக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. அந்த ஆளைப் பற்றி அவள் ஒருக்கா மேடையில சொல்லக் கேக்கோணும் போல இருந்தது.

— அதுக்கு அவளை நிக்க வச்சீங்களா? உங்களைப் பார்த்துப் பாவப்படாத, வெக்கப்படாத ஒரே ஜீவன் இந்த ஆக்லாந்துலயே அவதான். பல்லு விழுந்தா பல்லு விழுந்துச்சும்பா, அப்பா வயித்துல டியூப்னா டியூப்ம்பா. இதை மறைக்கணும்னு இன்னைக்கு நீங்களே அவளுக்குக் கத்துக் குடுத்துட்டீங்க. கதவைப் பூட்டிட்டு அழுதுட்டிருப்பா இப்ப.

— அதுதான் எனக்கும் பயமாக்கிடக்கு.

— அப்பா, வடிஞ்சு முடிஞ்சுதா? நான் வரலாமா?

— வாங்கோ ராகவி. மாஸ்க்?

— போட்டுட்டேன். அம்மா, என்னோட ரீடிங் புக் எங்க?

— இப்ப எதுக்குடா கண்ணா?

— வடிஞ்ச தண்ணிப் பைக்குப் பின்னாடி எழுத்தை வச்சா வாசிக்க முடியணும், அம்மா. தண்ணி கலங்கியிருந்தா எழுத்துத் தெரியாது, நர்ஸுக்குப் போன் பண்ணணும். எத்தனை தடவை சொல்றேன். பரவாயில்லை, உங்க கையில இருக்கிற பேப்பரே காணும்.

— அது வேண்டாம் குஞ்சு.

— பெரிய எழுத்து அப்பா, இதுதான் ஈஸி. 'என்... அப்பா... ப... பலசாலி.' தெரியுது. க்ளியர்.

— ராகவி, இங்க பாரு. காலையில இதை வாசிக்கச் சொன்னப்போ பயந்துட்டியா?

— இல்லையே.

— அப்பாவோட கோவமோ?

— அப்பாவோட ஏன் கோவம்? பிழை விட்டது தாரிணி டீச்சர். பேப்பரை மாத்திக் குடுத்துட்டாங்க. இது வேற யாரோ பிள்ளையோட அப்பா. அந்தப் பிள்ளை 'என்னோடது'ன்னு ஓடி வரும்னு ஸ்டேஜ்ல நின்னு பார்த்துட்டே இருந்தேன். கார்லயும் யோசிச்சேன், என்கூடத் தமிழ் படிக்கிற கதிரோட அப்பாவும் ஓட மாட்டார். பாவம் அந்த அப்பா, அவரைப் பத்திச் சொல்ல ஒருத்தருமே வரலை.