ஆறாவது போத்தல்

அதை இப்ப போடாதீங்க பிள்ளை. கொஞ்சம் பொறுங்க. பொலிஸ்காரன் உங்கட கையில தந்தா அது உங்கட சாமான்தான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா உங்கட தம்பிர அந்த றெக்கோடரை நீங்க கேக்க முதல் நான் ஒண்டு சொல்லிரணும். இரிங்க. அந்தக் கதிரை ஆடும், இதில இரிங்க.

தேத்தண்ணியும் வேணாமா? சரி.

இல்லயில்ல, அவர் ஒரு சொட்டும் குடிக்கல்ல. உடம்பைப் பாத்த டொக்டரும் அப்பிடித்தானே எழுதிரிக்கார். அவர் கொண்டுவந்த பெட்டிக்குள்ள ஆறு பியர் போத்தல் இரிந்த. அஞ்சைக் குடிச்சது நான். ஒண்டு மூடி துறக்காம அப்பிடியே இரிக்கு. ஏன் அதை மட்டும் விட்ட எண்டா, அதுக்குத்தான் வாறன்.

பொம்புளப் பிள்ளைக்கிட்ட வெறிக்கதை கதைக்கிறான் கிழவன் எண்டு நினையாதீங்க. லக்ஷன் தம்பிதான் குடிக்கச் சொன்ன. வந்த அண்டைக்கே சொன்னார், அண்ணன், கொழும்புல நான் வேலை செய்யிற இடம் சின்ன இடம், நாலு பேர்தான், கையால பியர் காய்ச்சுறம், ஒவ்வொண்டுக்கும் ஒரு இசை இரிக்கு, அதோட சேத்துத்தான் குடிக்கணும் எண்டு. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. நாங்க இறால் பொரியலோட குடிக்கிற ஆக்கள். பாட்டு, குடிச்சா தன்ட பாட்டுல வரும்.

அஞ்சுக்கு இசை எல்லாம் சரியாம். ஆறாவதுக்குத்தான் இன்னும் கிடைக்கல்ல. போத்தல்ல பேனையால வாவி எண்டு மட்டும் எழுதிரிந்த. அதைப் புடிக்கத்தான் கல்லடிக்கு வந்திரிக்கார். தண்ணிக்குள்ள விடுற மைக் ஒண்டு வச்சிரிந்தார், நீட்டு வயரோட. மீன் பாடுமாமே அண்ணன், உண்மையா எண்டு கேட்டார்.

இஞ்ச ரூம் எடுக்கிற எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. நானும் ஓம் எண்டுதான் சொல்ற. நிலவு நாளையில, காத்து விழுந்தாப் பொறகு, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காதை வச்சாக் கேக்கும் எண்டு. பதினெட்டு வருசமாச் சொல்றன். ஒருநாளும் நான் கேட்டதில்ல பிள்ளை. கேட்டதில்ல எண்டு சொன்னா ஆர் வருவாங்க இஞ்ச?

அண்டைக்குப் போயா, முழு நிலவு நாள். பார் எல்லாம் பூட்டு. வேற ஆக்களும் ரூமுக்கு வரல்ல, சமையல்காரனும் அவன்ட ஊருக்கு, கிரானுக்குப் போயிட்டான். எட்டு மணிபோல தம்பி அந்தச் சின்னத் தோணியை இறக்கினார். மிதக்கிற சட்டையைக் குடுத்தன். மைக் வயர் சிக்குது எண்டு கழட்டிக் காலடியில போட்டுட்டார். நான் ஏசினன். நான் கரையோடதானே அண்ணன், நீங்க போய் என்ட பியரைக் குடிச்சுப் பாருங்க, வந்து கேக்கிறன் எண்டார். பாட்டுப் பெட்டியும் ஒரு கடதாசியும் தந்தார்.

இந்தா, இதுதான். ஓம், அவர்ர எழுத்துத்தான். வச்சிரிங்க.

பாருங்களன், எப்பிடி எழுதிரிக்கார் எண்டு. பாட்டு தொடங்க முதல் ஒரு வாய். நடுவில ஒரு வாய். முடிஞ்ச பொறகு மிச்சம். ஒருத்தரோடயும் கதைக்கப்படா. லைட்டை நூத்திரணும். அதையும் அவர்தான் எழுதினார், பாத்தீங்களா? நான் இஞ்ச விறாந்தை லைட்டையும் நூத்தன், அந்தா, பாலம் மாதிரித் தண்ணிக்குள்ள இறங்கிற பலகை, அதில இரிக்கிற லைட்டையும் நூத்தன். நிலவுதானே எண்டு.

முதல் போத்தல் லேசு. அதுக்கு வயலின். ஒண்டும் விளங்கல்ல. ரெண்டாவது கசப்பு, வேப்பங்கொழுந்து மாதிரி, அதுக்குப் பைலா, ஆடுற பாட்டு போட்டிரிந்தார். கசக்கக் கசக்க கால் ஆடுது பிள்ளை, அப்பத்தான் மனிசன் என்ன சொல்றான் எண்டு கொஞ்சம் பிடிபட்ட. மூணாவது கஜுப்பழம், முந்திரிப்பழம் போட்டுக் காய்ச்சினது, நாக்கைக் கரகரக்கும். அதுக்குக் கூத்து மத்தளம். பாட்டுப் பெட்டியில சத்தத்தைக் கூட்டினன். நல்லாக் கூட்டினன்.

அந்த நேரம்தான் காத்து கிளம்பின. நிலவையும் மேகம் மூடிட்டு. தம்பியை நினைச்சன். நினைக்கல்ல எண்டு சொல்லமாட்டன். ஒழும்பி நிண்டு பாத்தன், ஒண்டும் தெரியல்ல. கரையோடதானே எண்டு சொன்னார், அங்கால தன்னாமுனைப் பக்கம் ஒதுங்கியிரிப்பார் எண்டு நினைச்சன். மத்தளம் முடியல்ல. நடுவில ஒழும்பப்படா எண்டு இரிந்திட்டன்.

நாலாவது கறுப்பு, கோப்பி மாதிரி. ஒரு பொம்புள தனியப் பாடுறா, மேளம் தாளம் ஒண்டுமில்ல. என்ட மனிசி செத்த பொறகு நான் அழுதது அண்டைக்குத்தான். அஞ்சாவதுக்கு என்ன இசை எண்டு பாத்தா, ஒண்டுமில்ல எண்டு எழுதிரிக்கார். பெட்டியை நிப்பாட்டிட்டுக் குடிக்கச் சொல்லி. நிப்பாட்டினன். காத்தும் விழுந்திட்டு. அப்பிடியொரு அமைதி.

பொலிஸுக்கு நான் ஒம்பது மணிக்குப் படுத்திட்டன் எண்டு சொன்னன். அது பொய். உங்களுக்கும் போன்ல அதைத்தான் சொன்னன். ஓம். தெரியும். ஏசுங்க, பரவாயில்ல.

ஆறாவதை எடுத்துக்கிட்டு அந்தப் பலகையில போய்க் குந்தினன். வாவிதானே இதுக்கு இசை. துடுப்பு ஒண்டு கிடந்த. பதினெட்டு வருசமா மற்றாக்களுக்குச் சொன்னதை அண்டைக்கு நான் செஞ்சன். தண்ணிக்குள்ள விட்டு, நுனியில காதை வச்சன்.

கேட்ட, பிள்ளை.

டொக், டொக், டொக். மூணு தரம். நிண்டு, மறுகா மூணு. தூரத்தில, ஆனா காதுக்குள்ள. மீன்தான் எண்டு நினைச்சன். வேற என்னத்தை நினைக்க? கேக்கும் கேக்கும் எண்டு நானே சொன்னதுதானே. தம்பி வந்ததும் சொல்லணும், உங்கட ஆறாவதுக்கு இசை கிடைச்சிட்டு எண்டு. அப்பிடியொரு சந்தோசம் எனக்கு.

தோணியை எங்க எடுத்த எண்டு பொலிஸ் உங்களுக்குக் காட்டினாங்களா? இஞ்ச வாங்க. அந்தா, வலை கட்டுற கம்பு நட்டிரிக்கு. தெரியுதா? அதில மாட்டிக் கவுண்டு கிடந்த. இவ்வளவுதான் தூரம். தோணிர அடியில சின்னச் சின்னக் கீறல் கிடந்த, ஒரே இடத்தில. அவர்ர கையில மோதிரம் இரிந்ததுதானே. கத்திக் கூப்பிட்டும் இரிப்பார், முதல்ல. நான் மத்தளம் கேட்டுக்கிட்டு இரிந்த நேரம்.

தண்ணி போகாத பெட்டிக்குள்ள இந்த றெக்கோடர் ஓடிக்கிட்டே இரிந்திரிக்கு. மைக்கும் தண்ணிக்குள்ளதான் கிடந்திரிக்கு. அதான் சொல்றன், இதில எல்லாம் இரிக்கும். இப்ப போடுங்க. அவர் மூணு தரம் தட்டுறது கேக்கும். மறுகா மூணு. அதுக்குப் பொறகு, வேற மாதிரி, கொஞ்சம் கணீரெண்டு மூணு கேக்கும். அது அவர் இல்ல. இந்தப் போத்தல்ர அடியைத் தடவிப் பாருங்க, விளிம்பு உடைஞ்சிரிக்கு. மீனுக்கு மறுமொழி சொல்றன் எண்டு நான் இதால துடுப்பில தட்டினது.

அதுக்குப் பொறகு அவர் தட்டல்ல. ஆள் வருது எண்டு நினைச்சிரிப்பார், பிள்ளை. நான் போய்ப் படுத்திட்டன்.