கீறலின் குட்டிகள்

— வைப்பரைப் போடாதேங்கோ, சசிகரன். ஸ்னோ கண்ணாடியை மூடட்டும். அப்பத்தான் போனில அந்தப் புல்லு வடிவாத் தெரியுது.

— போடேல்லை. ஆனா நிலாணி, உம்மட அண்ணை ரெண்டாந்தரமும் யன்னலால எட்டிப் பாத்திட்டார். இடியப்பம் ஆறப்போகுது.

— ஆறட்டும். தனுஷிகா உள்ள மச்சாள்மாரோட விளையாடுறாள், என்னைத் தேடமாட்டாள். எங்களுக்குக் காலமை, கென்யாவில பொழுதுபடுற நேரம். சபாரி ஜீப்காரன் லைவ் கமராவோட இப்பத்தான் ஆத்தடிக்கு வந்திருக்கிறான். எங்கட பெண்சிங்கம் கீறல் தண்ணிக்கு வந்தால் இப்ப வரவேணும்.

— மூண்டு கிழமையாக் காணாதவள்.

— வருவாள். காதில அந்தக் கீறல் இருக்கிறபடியால் தூரத்திலையே பிடிச்சிடுவன். அங்க பாருங்கோ, மரத்துக்குக் கீழ படுத்திருக்கிறாங்கள் அந்தப் புது ஆண்சிங்கங்கள், விட்பிப் பெடியள்.

— அந்தப் பேரை எப்பவாவது மாத்துமன். நானும் இஞ்ச கிழக்கால, விட்பியிலதான் இருக்கிறன்.

— கிழக்கால வந்து கூட்டத்தைப் பிடிச்சவங்களுக்கு வேற என்ன பேர் வைக்கிறது? ரெண்டு மாசத்துக்கு முன்னம் எப்பிடி இருந்த குடும்பம் தெரியுமோ. கிழட்டுச் சிங்கம் மாஸ்டர் நடுவில கால் நீட்டிப் படுத்திருப்பார். சுத்திவரப் பொம்பிளையள். கீறலின்ர குட்டியள் ரெண்டும் அவற்ற வாலைக் கடிக்குங்கள், மனிசன் கண்ணைத் திறவாது. பேக்கரி ஷிப்டில பாண் தட்டுகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரேக்க, என்ர கண்ணுக்குள்ள அந்த மஞ்சள் புல்லுத்தான் அசையும்.

— மாஸ்டர் போன அண்டைக்கு நீர் எனக்குப் போன் அடிச்சு அழுதனீர்.

— அவங்களிட்டை அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு புல்லுக்குள்ள போனவர். ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. கமரா அவருக்குப் பின்னால போய்க்கொண்டே இருந்தது, பிறகு புல்லுத்தான் தெரிஞ்சது. அடுத்த நாளே கீறல் குட்டியளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட்டாள். புது ஆம்பிளை வந்தால் பழைய குட்டியளை உயிரோட விடான் எண்டு அவளுக்கு ஆர் சொல்லிக் குடுத்ததோ.

— நான் சிங்கம் இல்லை, நிலாணி. பாத்ரூமில சிலந்தியைக் கண்டால் கோப்பையால மூடிக்கொண்டு போய் வெளியில விடுறவன்.

— தெரியும். தெரிஞ்சும் பயம் போகுதில்லை. தனுஷிகாவின்ர அப்பா செத்து நாலு வருசம். அவளுக்கு எல்லாம் நான்தான். அதுக்குள்ள ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாறது எண்டால்…

— போன மாசம் ஸ்மோக் அலாம் அடிச்சதையும் நினைச்சுப் பாரும்.

— அதை நினைக்காத நாள் இல்லை. நான் ஃபாக்டரியில. அவள் தனிய, குளிருக்குள்ள பல்கனியில நிண்டு டெக்ஸ்ட் அடிக்கிறாள், அம்மா, ரோஸ்ட் பாண் கருகிட்டுது, கோவிக்காதேங்கோ எண்டு. கீழ் வீட்டு அன்ரனெற் அன்ரிதான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினவ. அதுக்காக உங்களைக் கட்டுறதெண்டால் அதுவும் பிழைதானே.

— பிழையில்லை. அதுக்காக மட்டும் எண்டால் பிழை.

— எனக்கும் உங்களில விருப்பம்தான். அதாலதான் இவ்வளவு கஷ்டமா இருக்கு.

— உம்மட அண்ணி கேட்டவ, வெள்ளிக்கிழமை கோயிலில பூக்கட்டிப் பாத்தனீரோ எண்டு.

— பாக்கத்தான் போனனான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் கடதாசியில சுத்திக் கையில வைச்சுக்கொண்டு நிண்டன். ஆரையாவது கூப்பிட்டு ஒண்டை எடுக்கச் சொல்லவேணும். பக்கத்தில ஒரு சின்னப் பிள்ளை நிண்டது. அதின்ர விரலில என்ர சீவியத்தைக் குடுக்கிறதோ எண்டு நினைச்சன். பூவைச் சாமிக்கு வைச்சிட்டு வந்திட்டன். கேள்வியைக் கீறலிட்டைக் குடுத்திட்டன்.

— கீறலிட்டையோ?

— ஓம். குட்டியள் தப்பினால் ஒரு பதில். தப்பாட்டில் மற்றப் பதில். அதைத்தான் இண்டைக்கு அண்ணைக்குச் சொல்லப்போறன்.

— எது எதுக்கு?

— பூக்கட்டினவ வாய் திறந்து சொல்லக்கூடாது. மனசுக்குள்ளதான் வைச்சிருக்கவேணும்.

— சொல்லாட்டிலும் எனக்கு விளங்குது.

— அங்க, யானையள் வருகுதுகள். தண்ணி எல்லாம் தங்கமாப் போச்சு. எங்களைச் சுத்தி இப்பிடி வெள்ளையா இருக்க, உள்ளுக்குள்ள மட்டும் வெய்யில். ரெண்டு பேரும் அந்த ஜீப்புக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு, என்ன?

— நிலாணி, போனைக் கொஞ்சம் கீழ வையும்.

— ஏன்?

— நேற்று நீர் வேலை. வீடியோ பாக்கேல்லைத்தானே.

— இல்லை.

— நான் பாத்தனான். மேட்டுக்கு அங்கால கீறலைக் கண்டவங்கள். தனிய நிண்டவள்.

— தனிய எண்டால்?

— குட்டியளைப் பத்தைக்குள்ள ஒளிச்சு வைச்சிட்டு வேட்டைக்குப் போயிருக்கிறாள். அந்த நேரம் பாத்துக் கழுதைப்புலியள் வந்திட்டுதுகள்.

— விட்பிப் பெடியள் இல்லையோ?

— இல்லை. அவங்கள் அந்தப் பக்கமே போகேல்லை.

— ரெண்டுமோ?

— ரெண்டும். அவள் பத்தையைச் சுத்திச் சுத்திக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டவள். மெல்லிய சத்தம். காலமையில என்னோட போனில கதைச்சுக்கொண்டே நீர் தனுஷிகாவை எழுப்புவீரே, அது மாதிரி.

— ஏன் எனக்குச் சொன்னனீங்கள்? இண்டைக்கு அவள் வராட்டில், இன்னும் காணேல்லை எண்டு நான் அண்ணையிட்டத் தவணை கேட்டிருப்பன். உங்களுக்கும் நல்லது.

— சொல்லாமல் விடுவம் எண்டுதான் ராத்திரி முழுக்க நினைச்சனான். விடியத் தனுஷிகாவைக் காரில ஏத்தேக்க, பெல்ற்றைப் போட்டுவிடுங்கோ அங்கிள் எண்டாள். பொய்யில வாங்கின ஓமோட அந்தப் பிள்ளைக்கு நான் பெல்ற் போட ஏலாது.

— அழுறீங்களோ?

— இல்லை, ஸ்னோ.

— காருக்குள்ளையோ?

— நீர் உள்ள போம். அண்ணைக்கு உம்மட பதிலைச் சொல்லும். உங்களைக் கூட்டிக்கொண்டு போக அவர் இருக்கிறார்தானே, நான் இப்பிடியே விட்பிக்குப் போறன். இடியப்பத்துக்கு முன்னால இருந்து அதைக் கேக்க எனக்கு நெஞ்சில பலம் இல்லை.

— காரை நிப்பாட்டிப்போட்டு இறங்குங்கோ.

— வேண்டாம், நிலாணி. குட்டியள் தப்பேல்லை.

— இஞ்சேருங்கோ, கீறல் தனிய வளத்துக் காட்டினால் நானும் தனியவே இருந்திடுறது எண்டுதான் நான் மனசில வைச்சனான்.