காலருக்குள் ஊர்ப் பெயர்

கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டுக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கேரட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே கான்வென்ட்டில் தையல் படித்தவர்களாம், பல வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இளையவள் மடியில் புதுச் சட்டை ஒன்று இருந்தது.

"என்ன மேரி, மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி பிள்ள சட்டையில ஊர்ப் பேரப் போட்டு வச்சிருக்க?"

"காலருக்கு உள்பக்கந்தானக்கா. கிறிஸ்மஸுக்குக் குடுக்கணும்."

"பதினேழு வயசுப் பய பெல்பாட்டம் கேப்பான். நீ மிஷின் எம்பிராய்டரி குடுக்குற. அதுலயும் ஒரு பூ உண்டா, புலி உண்டா? பேரு, அப்பன் பேரு, ஊரு அடுக்கம். தபால்ல போடப் போறியா அவன?"

"லாரிக்குக் கிளீனராப் போறானுக்கா."

"போகட்டுமே. வாயில்லையா அவனுக்கு? கூட இருக்க பயலுக பாத்தா சிரிப்பானுக."

"சிரிக்கட்டும்."

"இதுக்குத்தான் அத்தன நாளு மிஷின மிதிச்சுப் படிச்சியாக்கும்."

மேரி சட்டையை மடித்தாள்.

"மூத்தவனும் கிளீனர்தானக்கா. லாரி கவுந்தப்ப அவன் சட்டையில ஒண்ணுமே இல்ல. யாரோ எவரோன்னு அங்கயே பொதச்சிட்டாங்க. எங்களுக்குத் தெரிய ஒரு மாசமாச்சு."

அக்கா சட்டையைப் பிடுங்கி, எச்சில் தொட்டு எழுத்தைத் தேய்த்தாள். விரலில் சிவப்பு ஒட்டியது.

"சாயம் போற நூலு. கூறுகெட்டவளே, பிரிச்சிட்டு நல்ல நூல்ல போடு. கால்சட்டையிலயும் போடு."