தண்ணீர் வந்த உயரம்

இரவு பத்தே முக்கால். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், புதுச்சத்திரம் தாண்டிக் கிழக்கே ஒரு மண்பாதை பிரியும். அந்தப் பாதையில் நாய்கூடத் தனியாகக் குரைக்காது, துணைக்கு இன்னொன்றைக் கூப்பிட்டுக்கொள்ளும்... கிட்டே வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

என் சிநேகிதர் உத்திராபதியின் மருமகன் அருள்முருகன் அந்த வழியே தனியாகப் போனான். இழுத்து மூடிய ஐஸ் கம்பெனி ஒன்று அங்கே கிடக்கிறது. பகல் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து இரவில் விடுகிற பெரிய பேட்டரிகளை, லாரி லாரியாக, அங்கே இறக்க ஒரு நிறுவனம் நினைத்தது. இடம் தேறுமா என்று பார்த்து எழுதுவது இவன் வேலை. முன்னே இரண்டு இடங்களை வேண்டாமென்று எழுதிக் கெட்ட பேர் வாங்கியிருந்தான்.

“இதுவும் தேறலன்னா நீ வேற வேல பாத்துக்க” என்று மேலதிகாரி சொல்லித்தான் அனுப்பினார்.

இரவில் அந்த இடத்தில் எவ்வளவு சத்தம் என்று அளக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நேரம். சத்தம் அளக்கிற மீட்டரைத் தரையில் வைத்து ஓடவிட்டான். காற்றில்லை, பூச்சிகூடக் கத்தவில்லை. ஆனால் எண் ஏறுகிறது...

களக்... களக்...

முழங்கால் தண்ணீரில் ஆள் நடக்கிற சத்தம். தரையோ காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. சேறும் அழுகின மீனும் கலந்த வாடை.

டார்ச்சைத் திருப்பினான். சுவரோரம் ஒரு ஆள். லுங்கி, சட்டையில்லை. வாட்ச்மேன் என்று நினைத்துக்கொண்டான், பாவி! முன்பு வெள்ளம் வந்தபோது தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று உள்ளூர் ஆளைக் காட்டச் சொல்லி அளப்பது இவர்கள் வழக்கம். முழங்காலுக்கு மேல் என்றால் பேட்டரிக்கு ஆகாது.

“அண்ணா, வெள்ளத்துல இங்க எவ்ளோ தண்ணி வந்துச்சு?”

கை உயர்ந்தது. இடுப்பு... மார்பு... தலைக்கும் மேலே போய், உள்ளங்கை கவிழ்ந்து நின்றது. அருள்முருகன் டேப்பைச் சுவரில் வைத்தான். ஏழடி.

“வெளையாடாதண்ணா. கொஞ்சம் கொறச்சுக் காட்டு. எம் பொழப்பே இதுலதான் இருக்கு.”

கை இறங்கவில்லை. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“கொறஞ்சிருந்தா நான் வூட்டுக்குப் போயிருப்பனே சார்...”

டேப்பும் மீட்டரும் அங்கேயே கிடக்க, பைக்கை முறுக்கியவன் கடலூர் வந்துதான் மூச்சு விட்டான். நடுவில் ஒரு மூச்சுகூட இல்லையென்று உத்திராபதி சத்தியம் செய்கிறார், நான் என்ன சொல்ல?

விடிந்ததும் ஏழடி என்றே எழுதிக் கொடுத்தான். மேலதிகாரி நம்பவில்லை.

“ராபர்ட்டு போய் அளந்துட்டு வரட்டும். ஒரு அடி கொறஞ்சாலும் நீ கெளம்பலாம்.”

ராபர்ட் கூட வேலை பார்க்கிறவன், தைரியசாலி. உச்சி வெயிலில் போனான். பொழுது சாயத் திரும்பினான். அவன் தாளிலும் ஏழடி. இடம் தேறாவிட்டாலும் அருள்முருகன் எழுதியது பொய்யில்லை என்றாகி, அவன் வேலை பிழைத்தது.

அருள்முருகன் அவனை டீக்கடைக்கு இழுத்துப் போனான்.

“அந்த ஆள நீயும் பாத்தியாடா?”

ராபர்ட் டம்ளரைத் தொடவில்லை.

“எந்த ஆளு மச்சான்? சுவத்தோரமா வரிசையா நின்னாங்களே... எல்லார் கையும் ஒரே ஒசரம்.”

பிறகு மெல்லச் சொன்னான்.

“ஒரு பொம்பள மட்டும் கையக் காட்டல. கொழந்தைய ரெண்டு கையாலயும் மேல தூக்கிப் புடிச்சிருந்தா... இன்னும் எறக்கல.”